நாயின் இனம் கேட்கிறார்கள், ஆறு எங்கே என்று கேட்பதில்லை: வீட்டுக் காப்பீட்டின் விலை பற்றி ஒரு குறிப்பு

அம்மாவின் வீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் இது. வீடு முடிச்சூரில் இருக்கிறது, அப்பா தொண்ணூறுகளில் கட்டியது. முடிச்சூர் என்றதுமே சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்திருக்கும். எங்களுக்கும் அதுதான். பாலிசி எடுத்ததே அதனாலதான்.

புதுப்பிக்கும் தொகை ஏன் இவ்வளவு என்று ஏஜென்டிடம் கேட்டேன். பதிலுக்கு வாட்ஸப்பில் ஒரு கட்டுரை அனுப்பினார். "வீட்டுக் காப்பீட்டின் பிரீமியத்தைத் தீர்மானிக்கும் 10 காரணிகள்" என்கிற ரகம். எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை, ஏன்னா ஏறக்குறைய இதே பட்டியலைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். கூரையின் வயது, தீயணைப்பு நிலையம் எவ்வளவு தூரம், வளர்க்கும் நாயின் இனம், நீச்சல் குளம், கிரெடிட் ஸ்கோர், பழைய கிளெய்ம்கள், டிடக்டிபிள், அலாரம் மற்றும் சிசிடிவி, கட்டுமானப் பொருள், வீட்டின் மதிப்பு. ஆக பத்து.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நாய் எதுக்குடா கேக்குறான்? திருடன் வராம இருக்கவா?" என்றார். அப்புறம் இன்னொன்று கேட்டார்: "தண்ணியப் பத்தி ஒண்ணும் போடலியா?"

போடவில்லை. பத்திலும் தேடினேன். வெள்ளம் என்ற சொல்லே இல்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாக அரசுக் கணக்கு. எங்கள் வீட்டு ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அந்த ஊருக்கு விற்கிற பாலிசியின் விலையை விளக்கும் கட்டுரையில் நாய் இருக்கிறது, வெள்ளம் இல்லை. இது எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் காப்பீட்டுத் துறை ஆள் இல்லை. சாஃப்ட்வேர் எழுதுகிறவன். வேறு எங்கேயோ ஓடின கோடைக் காப்பி பண்ணிக் கொண்டுவந்து போட்டால் எப்படி இருக்கும் என்பது மட்டும் நல்லாவே தெரியும். இந்தப் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது.

பட்டியல் எந்த ஊருடையது

அது அமெரிக்கப் பட்டியல். அந்த ஊரில் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

நாயை எடுத்துக்குவோம். அமெரிக்காவின் ஹோம்ஓனர்ஸ் பாலிசி ஒரு கூட்டுப் பொட்டலம். கட்டடம், உள்ளே இருக்கும் பொருட்கள், வீடு சேதமானால் வெளியில் தங்கும் செலவு, இவற்றோடு பொறுப்புக் காப்பும் சேர்ந்தே வரும். உங்கள் வீட்டுக்கு வந்த ஒருவருக்கு அடிபட்டு, அவர் உங்கள் மேல் வழக்குப் போட்டால், அந்தத் தொகையை நிறுவனம் கொடுக்கும். அங்கே நாய்க்கடி வழக்குகள் சாதாரணம். அதனால் நாயின் இனத்தைக் கேட்கிறார்கள். நீச்சல் குளமும் அதே காரணத்துக்காகத்தான். நம்ம ஊரில் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த நிலையான பாலிசி, பாரத் கிருஹ ரக்ஷா. அதன் அடிப்படைக் காப்பில் இந்தப் பொறுப்புக் காப்பு கிடையாது. ஆக நாய் இங்கே பிரீமியத்தில் நுழைய வழியே இல்லை.

கூரையின் வயது. அங்கே பல வீடுகளுக்கு மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய ஓடு மாதிரி ஒரு தகடு. சில பத்தாண்டுகளில் மாற்ற வேண்டியது. டெக்சாஸ், கொலராடோ பக்கம் ஆலங்கட்டி மழை பெய்தால் ஊரே கூரைக்கு கிளெய்ம் போடும். நமக்கு கான்கிரீட் தளம். தளம் ஒழுகினால் சுருக்கி போட வேண்டியதுதான், அதற்கு இன்சூரன்ஸ் வராது. ஏனென்றால் நாள்பட்ட கசிவும் தேய்மானமும் விபத்துக் கணக்கில் சேராது.

தீயணைப்பு நிலையம். அங்கே ஐ.எஸ்.ஓ. என்று ஓர் அமைப்பு இருக்கிறது, தரச்சான்று கொடுக்கும் ஐ.எஸ்.ஓ. வேறு, இது வேறு. அது ஊர்களுக்குத் தீயணைப்புத் திறனில் 1 முதல் 10 வரை தரம் போடுகிறது. 1,000 அடிக்குள் ஹைட்ரன்ட் இருக்கிறதா, 5 மைல் சாலைத் தூரத்துக்குள் நிலையம் இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கு. மர வீடுகளுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை.

கிரெடிட் ஸ்கோர். பெரும்பாலான மாநிலங்களில் இதை வீட்டுக் காப்பீட்டு விலைக்குப் பயன்படுத்துகிறார்கள். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், மேரிலாந்து ஆகியவற்றில் அனுமதி இல்லை. கிரெடிட் கார்டு பில்லைத் தாமதமாகக் கட்டினவன் வீட்டில் ஏன் புயல் அதிகமாக அடிக்கும் என்பது அங்கேயே நீண்ட நாள் சண்டை. நாங்கள் நிரப்பிய பாரத் கிருஹ ரக்ஷா விண்ணப்பத்தில் சிபில் ஸ்கோருக்குக் கட்டமே இல்லை.

பழைய கிளெய்ம்கள். அங்கே க்ளூ என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏழு வருட கிளெய்ம் வரலாறு இருக்கும். நீங்கள் வீட்டை வாங்குவதற்கு முன்னால் இருந்தவர் போட்ட கிளெய்ம்கூட அந்த வீட்டின் கணக்கில் நிற்கும்.

சிசிடிவி. அங்கே திருட்டு அடிப்படைக் காப்பிலேயே உண்டு. இங்கே பாரத் கிருஹ ரக்ஷா அடிப்படையில் ஒரு தீ மற்றும் இயற்கைச் சீற்றப் பாலிசி. தீயோ வெள்ளமோ வந்து வீடு திறந்து கிடக்கும்போது ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால் மட்டும் காப்பு உண்டு. சாதாரணமாகப் பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிக் காப்பு வாங்க வேண்டும். அதை வாங்காதவருக்கு "சிசிடிவி பொருத்துங்கள், பிரீமியம் குறையும்" என்று அறிவுரை சொல்வதில் என்ன பிரயோஜனம்?

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். அமெரிக்கப் பட்டியலில் வெள்ளம் இல்லாததற்குக் காரணம், அமெரிக்க ஹோம்ஓனர்ஸ் பாலிசியில் வெள்ளமே கிடையாது என்பதுதான். தனியார் நிறுவனங்கள் வெள்ளத்தைத் தொட மாட்டோம் என்று ஒதுங்கியதால் 1968-ல் அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தனிப் பாலிசி, தனி விலை. அதனால் அங்கே எழுதுகிறவர் "வீட்டுக் காப்பீட்டின் காரணிகள்" என்று பட்டியல் போட்டால் வெள்ளத்தை விட்டுவிடுவது சரிதான். இங்கே அடிப்படைப் பாலிசியிலேயே புயலும் வெள்ளமும் இருக்கின்றன. நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதம்கூட உண்டு. சென்னையில் ஒருவர் வீட்டுக் காப்பீடு எடுக்க முதல் காரணமே அதுதான். காப்பியடித்தவர் பட்டியலில் இருந்ததை மொழிபெயர்த்தார். இல்லாததை எப்படி மொழிபெயர்ப்பார்?

இதை வெறும் சோம்பேறித்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பட்டியலைப் படிக்கிறவர் மனதில் ஒரு எண்ணம் பதிகிறது: நிறுவனம் என் வீட்டை நுணுக்கமாக ஆராய்ந்து, அதன் ஆபத்துக்கு ஏற்ற விலை போட்டிருக்கிறது, விலை குறைவு என்றால் ஆபத்தும் குறைவு. அது உண்மை இல்லை என்பதுதான் என் குறை.

இங்கே உண்மையில் விலை எப்படி வருகிறது

2006 வரைக்கும் இந்தியாவில் தீக் காப்பீட்டின் விலையைக் கட்டண ஆலோசனைக் குழு என்ற அமைப்பு நிர்ணயித்தது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் ஒரே புத்தகம், ஒரே விகிதம். 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது நிறுவனங்களே விலை வைக்கலாம். ஆனால் கணக்கின் உருவம் பெரிதாக மாறவில்லை:

பிரீமியம் = காப்பீட்டுத் தொகை × ஆயிரத்துக்கு இத்தனை என்ற விகிதம் + 18% ஜி.எஸ்.டி.

விகிதத்துக்குள் என்ன இருக்கிறது? கட்டடம் உறுதியானதா, ஓலை, மூங்கில், தார்ப்பாய் மாதிரி கச்சாக் கட்டுமானமா என்பது ஒன்று. நிலநடுக்க மண்டலம் இன்னொன்று. சென்னை 2002 திருத்தத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. டெல்லி நான்கு, குவாஹாத்தி ஐந்து. பின்கோடு போட்டதும் இது தெரிந்துவிடும். பிறகு எத்தனை வருடத்துக்கு எடுக்கிறீர்கள் என்பது. அப்புறம் நிறுவனத்தின் செலவு, விற்கிறவருக்குக் கமிஷன், ஜி.ஐ.சி. ரீ போன்ற மறுகாப்பீட்டாளர்களுக்குக் கொடுப்பது.

வெள்ளத்துக்கு எவ்வளவு? சோதித்துப் பார்த்தேன். மூன்று தளங்களில் எல்லா விவரமும் ஒன்றாக வைத்து, முடிச்சூர் பின்கோடு ஒரு முறை, நகரத்தில் தண்ணீர் நிற்காத ஒரு மேட்டுப் பகுதியின் பின்கோடு ஒரு முறை. இரண்டு தளங்களில் பைசா மாறவில்லை. மூன்றாவதில் வந்த வித்தியாசம் ஒரு டீ, ஒரு பஜ்ஜி செலவு. மூன்று தளத்தைத் தட்டிப் பார்த்தது ஆராய்ச்சி ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கவனிக்க வேண்டும். எந்தத் தளமும் "உங்கள் வீடு ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர், தரைத்தளம் சாலையை விட எத்தனை அடி உயரம், இதற்கு முன்னால் தண்ணீர் வந்ததா" என்று கேட்கவே இல்லை. கேட்காத தகவல் விலைக்குள் போக முடியாது. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, ஃபார்மைப் பார்த்தாலே போதும்.

எல்லாரும் விட்டுவிடும் ஒரு எண்

மேலே இருக்கும் சூத்திரத்தில் விகிதம் நம் கையில் இல்லை. காப்பீட்டுத் தொகை நம் கையில் இருக்கிறது. பிரீமியத்தை மிக அதிகமாக ஏற்றி இறக்குவது அதுதான். பட்டியலில் அது பத்தாவது வரியில், "வீட்டின் மதிப்பு" என்று தவறான பெயரில் இருந்தது.

எந்த மதிப்பு? சந்தை மதிப்பு இல்லை. பாரத் கிருஹ ரக்ஷா தெளிவாகச் சொல்கிறது: கார்பெட் ஏரியாவை, பாலிசி தொடங்கும் நாளில் உள்ள கட்டுமானச் செலவால் பெருக்கு. பாலிசி வாசகம் சதுர மீட்டரில் கேட்கும். நம் வசதிக்குச் சதுர அடியில் பார்ப்போம். நிலம் இதில் வராது. நிலம் எரியாது, வெள்ளத்தில் கரைந்தும் போகாது.

அம்மா வீடு 1,000 சதுர அடி. திரும்பக் கட்ட இன்றைக்குச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 25 லட்சம். பழைய பாலிசியை எடுத்துப் பார்த்தேன். காப்பீட்டுத் தொகை 70 லட்சம் என்று இருக்கிறது! "சார், வீடு என்ன விலை போகும்?" என்று கேட்டு ஏஜென்ட் எழுதியது. நானும் அப்போது தலையாட்டியிருக்கிறேன். வீடு முழுசாகப் போனாலும் திரும்பக் கட்டுகிற செலவுதான் கிடைக்கும். மீதி 45 லட்சத்துக்குக் கட்டிய பிரீமியம் கிணற்றில் போட்ட கல்.

விகிதம் ஆயிரத்துக்கு 30 பைசா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 70 லட்சத்துக்கு 2,100 ரூபாய், வரியோடு 2,478. 25 லட்சத்துக்கு 750 ரூபாய், வரியோடு 885. வித்தியாசம் 1,593. வருடத்துக்கு ஒரு முறை என்றால் பெரிய தொகை இல்லைதான். ஆனால் பட்டியலில் சொன்ன பத்து அறிவுரைகளில் எதைச் செய்தாலும் இதில் பாதிகூட மிச்சமாகாது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். கட்டடத் தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்கு விவரம் கொடுக்காமலே காப்பு தானாக வரும். 70 லட்சம் என்று போட்டிருந்ததால் பொருட்களுக்கு 10 லட்சம் இருந்தது. 25 லட்சம் ஆக்கினால் 5 லட்சம்தான். பொருட்கள் அதிகம் இருந்தால் தனியாக அறிவித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். நகை இந்தப் பொதுப் பொருட்கள் கணக்கில் வராது, அதற்குத் தனிக் காப்பு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மிச்சம் பிடிக்க என்று குறைத்து எழுதுவது. பழைய தீப் பாலிசியில் இதற்குத் தண்டனை கடுமை. 30 லட்சம் வீட்டை 15 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 4 லட்சத்துக்குச் சேதம் என்றால், "நீ பாதிதானே காப்பு எடுத்தாய்" என்று 2 லட்சம்தான் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டை நீக்கிவிட்டார்கள். 4 லட்சம் சேதம் என்றால் 4 லட்சம். இந்தியாவில் வீட்டுக் காப்பீட்டில் நடந்த உருப்படியான மாற்றம் என்று இதைச் சொல்வேன். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பாலிசி எடுத்தால் கட்டடத் தொகை கூடுதல் பிரீமியம் இல்லாமலே வருடம் 10% ஏறும் என்பதும் அதிலேயே உண்டு. சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், கொத்தனார் கூலி ஏறுகிற வேகத்துக்கு அது தேவைதான்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஃபிளாட்டுக்கு நீங்கள் எடுக்கிற பாலிசி உங்கள் நான்கு சுவருக்குத்தான். அஸ்திவாரம், லிஃப்ட், மோட்டார் அறை, மாடிப்படி எல்லாம் எல்லாருக்கும் பொது. அதைச் சங்கம் எடுக்க வேண்டும். 24 வீட்டில் மூன்று பேர் மட்டும் பாலிசி வைத்திருந்தால், கட்டடம் மொத்தமாகச் சேதமாகும்போது அந்த மூன்று பேரின் பணத்தை வைத்து இரண்டாவது மாடியை மட்டும் அந்தரத்தில் கட்ட முடியாது.

யார் விற்கிறார் என்பதும் ஒரு காரணி

எந்தப் பட்டியலிலும் இல்லாத இன்னொரு காரணி இது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் பிரீமியம் வருகிற பொருளை விற்க ஏஜென்டுக்கு ஆர்வம் இருக்காது, அவருக்குப் பெட்ரோல் காசுகூடத் தேறாது. அதனால் வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் வீட்டுக் கடனோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். வங்கியின் பெயர் வேண்டாம். 2013-ல் நான் ஃபிளாட் வாங்கியபோது கடன் தொகையோடு ஒரு ஒற்றைப் பிரீமியத்தைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். "ஹோம் இன்சூரன்ஸ் சார், கம்பல்சரி." 2015 வெள்ளம் வடிந்ததும், அம்மா வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது, "என் வீட்டுக்காவது இன்சூரன்ஸ் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். அது வீட்டுக்கான பாலிசியே இல்லை. நான் செத்தால் மீதிக் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு. பயனாளி நடைமுறையில் வங்கிதான். வெள்ளம் வந்திருந்தால் ஒரு ரூபாய் வந்திருக்காது.

அப்படிப்பட்ட பாலிசி கெட்டது என்று சொல்லவில்லை, குடும்பத்துக்கு அது தேவைப்படலாம். ஆனால் அதை வீட்டுக் காப்பீடு என்று சொல்லி விற்றது தவறு, கட்டாயம் என்று சொன்னதும் தவறு. வீட்டைக் காப்பீடு செய்தே ஆக வேண்டும் என்று நாட்டில் சட்டம் இல்லை. கடன் கொடுப்பவர் நிபந்தனை போடலாம், ஆனால் தான் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இன்னொரு கணக்கும் உண்டு. 30,000 ரூபாய் பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால், 9% வட்டியில் 20 வருடத்தில் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 64,800 ரூபாய். விலையைத் தீர்மானிக்கிற காரணிகளில் இதைவிடப் பெரியது எது?

வரியையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வீட்டுக் காப்பீட்டுக்கு 18% அப்படியே நிற்கிறது. 2015-ல் பாதிக்கப்பட்ட நிரந்தர வீடுகளுக்கு அரசு கொடுத்த நிவாரணம் 5,000 ரூபாய். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது 6,000. வெள்ளத்துக்குப் பின்னால் கொடுக்கிற அரசுகள், வெள்ளத்துக்கு முன்னால் தானாகத் தயாராகிறவரிடம் வரி வாங்குகின்றன.

வெள்ளத்துக்கு விலை வந்தால் யாருக்கு அடி

இப்போது எனக்கே சங்கடமான பகுதி.

இதுவரை "வெள்ள ஆபத்து விலையில் இல்லை" என்று குறை சொன்னேன். சரி, நாளைக்கே நிறுவனங்கள் தெருவாரியாக வெள்ள ஆபத்தைக் கணக்கிட்டு விலை போட்டால்? முதல் அடி அம்மா வீட்டுக்குத்தான்.

அது நடக்கக்கூடியதும்கூட. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவை அடித்தது. அதுவரை அமெரிக்க நிறுவனங்கள் கடந்த சில பத்தாண்டுகளின் சராசரி இழப்பைப் பார்த்து விலை வைத்தார்கள். அந்தப் பத்தாண்டுகள் அமைதியானவை, அதனால் சராசரியும் பொய் சொன்னது. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் திவாலாயின. அதற்குப் பிறகுதான் கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை ஓடவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் இழப்பைக் கணிக்கும் மாடல்கள் தொழிலின் மையத்துக்கு வந்தன. என் துறைக்காரனாக எனக்கு அது அழகான வேலை. ஆனால் அதன் மறுபக்கமும் தெரிகிறது. ஆபத்து இடங்களில் விலை ஏறும். விலை ஏற்ற விடவில்லை என்றால் நிறுவனம் வெளியேறும். 2023 மே மாதம் கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டாளரான ஸ்டேட் ஃபார்ம் அங்கே புதிய வீட்டுப் பாலிசிகளை ஏற்பதை நிறுத்தியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தது.

நம்மிடமும் தரவு இல்லாமல் இல்லை. சென்னைக்கென்றே சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு முறை 2019-ல் வந்தது. எந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கும் என்பதைக் கணிக்க முடிகிறது என்றால், அதற்கு விலை போடவும் ஒருநாள் முடியும். அன்றைக்கு முடிச்சூரில், வரதராஜபுரத்தில், வேளச்சேரியில் ஓய்வூதியத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன பதில்? "ஆற்றோரம் ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்பது சுலபம். அப்பா மனை வாங்கும்போது அது அங்கீகாரம் பெற்ற மனை. விற்றவரும், அங்கீகாரம் கொடுத்தவரும், ரோட்டை ஒவ்வொரு முறையும் ஒரு அடி உயர்த்திப் போட்டவரும் இந்தப் பிரீமியத்தில் ஒரு பைசா கட்டப்போவதில்லை.

பிரிட்டன் இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. 2016-ல் ஃபிளட் ரீ என்ற மறுகாப்பீட்டுத் திட்டம். வெள்ள ஆபத்துள்ள வீடுகளின் வெள்ளப் பகுதியை நிறுவனங்கள் நிர்ணயித்த விலைக்கு இதனிடம் தள்ளிவிடலாம். செலவை எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வசூலிக்கிற தீர்வை ஈடுகட்டுகிறது. 2039 வரைதான், அதற்குள் ஊரைச் சரிசெய்யுங்கள் என்று கெடு. எனக்குப் பிடித்த விதி ஒன்று அதில் உண்டு: 2009 ஜனவரி 1 முதல் கட்டப்பட்ட வீடுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவனுக்கு உதவுவோம், தெரிந்தே தண்ணீர்ப் பாதையில் புதிதாகக் கட்டுகிறவனுக்கு உதவ மாட்டோம்.

நம்ம ஊரில் இப்போது நடப்பதும் ஒருவகையில் மானியம்தான். மேட்டில் இருக்கிறவர் கட்டுகிற அதே விகிதத்தை அம்மாவும் கட்டுகிறார். ஆனால் யாரும் யோசித்துக் கொடுத்த மானியம் இல்லை, ஃபார்மில் கேள்வி இல்லாததால் வந்த மானியம். அதனால்தான் அது பழைய வீட்டுக்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இந்த வருடம் எழும்பும் கட்டடத்துக்கும் பேதம் பார்ப்பதில்லை. கட்டுபவருக்கு எந்தச் செய்தியும் போவதில்லை, வாங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. பழைய வீடுகளுக்கு விலையைப் பொதுவாகவே வைத்து, புதிய கட்டடங்களுக்கு மட்டும் ஆபத்தை முழுதாக விலையில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் எனக்குச் சொந்த லாபம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

அம்மாவுக்குச் சொன்னது

கடைசியில் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "மறுபடி தண்ணி வந்தா காசு வருமா, வராதா?"

வரும் என்றேன். கட்டடம் 25 லட்சம் என்று மாற்றினேன். பொருட்களுக்கு 5 லட்சம் தானாக வருவது போதும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், கட்டில், பீரோ, துணிமணி. 2015-ல் போன இலவம்பஞ்சு மெத்தையையும் அம்மா சொன்னார், அது இப்போது இல்லை என்று நினைவு வந்து நிறுத்தினார். ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து, பில் இருந்தவற்றின் பில்லோடு மெயிலில் போட்டு வைத்தேன். போன தடவை பில்லும் பத்திரமும் பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருந்தன. தண்ணீர் முதலில் வந்ததும் அங்கேதான்.

வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகைக்கும் இந்தப் பாலிசியில் இடம் உண்டு என்று சொன்னதும்தான் அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மாதம் தங்கியதை அவர் மறக்கவில்லை.

ஏஜென்டுக்கும் ஃபோன் செய்தேன். காப்பீட்டுத் தொகையைக் குறைக்கச் சொன்னதில் அவருக்குக் கமிஷன் குறையும், பாவம். ஆனாலும் செய்து கொடுத்தார். "சார், அந்த ஆர்ட்டிகிள் படிச்சீங்களா?" என்று கேட்டார். படித்தேன் என்றேன். ஃபார்மில் குறிப்பு எழுதுகிற இடத்தில் "2015-ல் நான்கு அடி தண்ணீர் வந்தது" என்று எழுதச் சொன்னேன். "அது கேக்கலியே சார், எதுக்கு?" என்றார்.

எழுதிக்கோங்க என்றேன். நாளைக்கு கிளெய்ம் வரும்போது, மறைத்தோம் என்று யாரும் சொல்லக் கூடாது.